முகிற்குன்றத்து முத்திரை தலைகீழாய் விழுந்த செய்தி

மழை அளவோடு பெய்க. மலையும் கடலும் தத்தம் இடத்தில் நிற்க.

மேகங்கள் இளைப்பாறும் முகடுகளுக்கு உரியவரும், ஆயிரம் உலைக்களங்களின் தலைவரும், ஏழு நாட்டு உழவர் கொழுவுக்கும் ஏழு நாட்டு வீரர் வாளுக்கும் இரும்பு தந்தவரும், பகைவர் ஏறி வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் செங்குத்து மலைகளை அரணாகக் கொண்டவருமாகிய முகிற்குன்ற நாட்டு மாமன்னர் நெடுவெற்பர் திருமுன்னர்க்கு, முன்பு கடல் சூழ்ந்ததும் இப்போது கடல் புகுந்ததுமாகிய தாழைக்கரை நாட்டை ஆளும் அரசி வலம்புரிக்கோதை வணக்கத்துடன் விடுக்கும் ஓலை.

தங்கள் யானைகளும் குதிரைகளும் நலமென்றும், பட்டத்தரசியார் நலமென்றும் மலையேறி வந்த உப்பு வணிகர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தோம். இங்கு யாமும் எம் மக்களும் நலம். ஈரமாக இருக்கிறோம், எனினும் நலம்.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. தங்கள் தூதர் ஏனாதி விச்சாதிரரை யாம் சிறைப்படுத்தியிருப்பதாகவும், சிறைப்படுத்தவில்லையெனில் மருந்திட்டு மயக்கியிருப்பதாகவும், இரண்டில் எதுவாயினும் அவரையும் அவரிடம் தந்தனுப்பிய அரச முத்திரையையும் உடனே திருப்பி அனுப்பாவிட்டால் தங்கள் படை மலையிறங்கும் என்றும் அதில் கண்டிருந்தது. படை இறங்குவதில் எமக்கு மறுப்பில்லை. இறங்கிய படை எங்கே நிற்கும் என்பதுதான் எம் கவலை. நிற்பதற்கு உலர்ந்த தரை எமக்கே போதவில்லை.

விச்சாதிரர் சிறையில் இல்லை. தம் மகள் வீட்டில் இருக்கிறார். வேளை தவறாமல் மீனும் சோறும் உண்கிறார். ஊருக்குப் புறப்படலாமே என்று யாராவது சொன்னால் மட்டும் தம் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். அது ஏன் என்று தாங்கள் அறிய வேண்டுமாதலின், யாம் கண்ணால் கண்டதையும் அவர் வாயால் சொன்னதையும் சேர்த்து, நடந்ததை நடந்தபடி எழுதுவிக்கிறோம். பேசியவர் பேச்சையும் பேசியபடியே பொறிக்கச் சொன்னோம். அரச ஓலையில் தெருப்பேச்சு ஏறலாகாது என்று எம் ஓலைநாயகம் தடுத்துப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு எழுத்தாணியை எடுத்துக்கொண்டார்.

வேண்டாம் என்ற சொல்லை வாயால் சொல்லாமலே ஒருவரைத் திருப்பி அனுப்புவதில் விச்சாதிரருக்கு இணை ஏழு நாட்டிலும் கிடையாது. அதற்கு அவர் வைத்திருந்த கருவி ஒரே ஒரு சொல்: ஆராய்வோம். தங்கள் நாட்டுச் சிற்றரசர் இருவர் ஒரு புல்வெளிக்காக வழக்கிட்டபோது, அவர் ஆராய்வோம் ஆராய்வோம் என்று தள்ளிப்போட்டதில் இருவரும் கிழவர்களாகி, இருவர் பிள்ளைகளும் வளர்ந்து சம்பந்தம் செய்துகொண்டு, அந்தப் புல்வெளியிலேயே பந்தல் போட்டுத் திருமணமும் நடந்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படிப்பட்டவரை ஏழு நாட்டுப் பேரவைக்குத் தாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியதில் வியப்பில்லை.

பேரவை எதற்காகக் கூடியது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம். ஏழு நாட்டு உலைகளும் சூளைகளும் கக்கும் புகை வானத்தில் போர்வையாகப் படிந்து வெப்பத்தை உள்ளே அடைத்துவிட்டது. அதனால் வடதிசைப் பனிமலைகள் உருகிக் கடல் ஏறுகிறது. மழையோ விதைக்கும் திங்களில் வராமல், அறுக்கும் திங்களில் வந்து கதிரை அழுகவைக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் உலைகளில் பாதியை அணைப்பது, வெட்டிய காட்டுக்கு ஈடாகக் காடு வளர்ப்பது என்று ஓர் உடன்பாடு வரைந்து வைத்திருந்தோம். ஏழு முத்திரையும் விழுந்தால்தான் அது செல்லும். ஆறு நாடுகள் விடும் புகை முழுவதையும் ஒரு தட்டில் வைத்து, தங்கள் நாடு ஒன்று விடும் புகையை மறுதட்டில் வைத்தால் துலாக்கோல் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தங்கள் பெருமைக்கு இழுக்கு வாராமல் சொல்ல எமக்குத் தெரியவில்லை.

விச்சாதிரர் புறப்பட்டபோது தாங்கள் இட்ட கட்டளையையும் அவர் எம்மிடம் சொன்னார். உலகில் வெப்பம் கூடினால் முகிற்குன்றத்துக்கு நட்டமில்லை, கம்பளி போர்த்திக் களைத்த தோள்கள் இப்போதுதான் காற்று வாங்குகின்றன, தங்கள் முன்னோர் கண்ணால் பாராத மாங்காய் அரண்மனைத் தோட்டத்தில் காய்க்கிறது, ஆகவே யார் எதைச் சொன்னாலும் ஆராய்வோம் என்று சொல்லித் திரும்புக, முத்திரையை மறுப்போலை மீது மட்டும் இடுக என்பது தங்கள் ஆணை. இதைச் சொல்லும்போது அவர் தங்கள் குரலிலேயே சொன்னார். தங்களைப் போலவே இருந்தது.

தங்கள் தூதர் பல்லக்கில் வந்து சேர்ந்தார். பல்லக்குத் தூக்கிகள் கடற்கரைக்கு வெகுதூரம் முன்னதாகவே நின்றுவிட்டார்கள், ஏனென்றால் கடற்கரை அவர்களை எதிர்கொள்ள அங்கேயே வந்திருந்தது. எம் ஓடக்காரர் சுறாமுத்து அவரை ஏற்றிக்கொண்டார். சிறிது தொலைவு போனதும் விச்சாதிரர் கேட்டார்.

“உங்க ஊரு கோட்டை வாசல் பெரிய வாசல்னு சொல்வாங்களே. எங்கப்பா அது?”

“இப்ப அதுக்குள்ளதான் போய்க்கிட்டு இருக்கோம்யா. மேல பாக்காதீங்க, கீழ பாருங்க.”

கீழே பார்த்தார். தெளிந்த நீரில் எம் பாட்டனார் எழுப்பிய வாயில்மாடம் தெரிந்தது. அதன் மேல் ஒரு நண்டு காவலிருந்தது. விச்சாதிரர் மனம் சற்றே கலங்கியது உண்மை. ஆனால் தூதருக்குரிய முகத்தை மாற்றாமல், நல்ல வேலைப்பாடு என்று மட்டும் சொன்னாராம்.

பேரவை எம் கொலுமண்டபத்தில் கூடியது. ஓதம் ஏறும் பொழுதில் அந்த மண்டபத்துக்குள்ளும் நீர் வரும். வேறிடத்தில் கூட்டலாமே என்று அமைச்சர்கள் சொன்னார்கள். வேண்டாம், வருகிறவர்கள் காலிலும் கொஞ்சம் படட்டும் என்று யாம்தான் சொல்லிவிட்டோம்.

தங்கள் தூதர் எழுந்தார். புகையை ஒடுக்குவதற்கு முன் புகை என்றால் எது என்று தெளிய வேண்டும் என்றார். கோயிலில் இடும் தூபம் புகையா, பிள்ளை பெற்றவளுக்குப் போடும் சாம்பிராணி புகையா, கருவாடு சுட்டால் எழுவது எந்த வகையில் சேரும், ஒருவர் மீது ஒருவர் பொறாமையால் புகைவதை இந்த உடன்பாடு கட்டுப்படுத்துமா என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவைப்புலவர்கள் மகிழ்ந்துபோய் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கருவாட்டைப் பற்றிய வாதம் மட்டும் இரண்டு நாள் ஓடியது. வெண்மணல் நாட்டுத் தூதர் முளரியம்மை, மழை காணாத நாட்டவர், பேச்சில் ஈரமில்லாதவர், அவரால் பொறுக்க முடியவில்லை.

“எங்க ஊர்ல ஆடு புல்லு கிடைக்காம வீட்டுக் கூரையைத் தின்னுதுங்க. நீங்க கருவாட்டைப் பத்திப் பேசுறீங்க.”

அதற்குத் தங்கள் தூதர், அது எவ்வகைக் கூரை என்பதையும் ஆராய்வோம் என்றார்.

மன்னவா, அன்று அவர் வென்றுகொண்டிருந்தார் என்பதை மறைக்க மாட்டோம். மறுப்போலை எழுதவேண்டிய தேவையே இல்லாமல் பேரவை தானாகக் களைத்துக் கலையும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஓதம் ஏறியது. மற்றத் தூதர்கள் பழகியவர்களாதலால் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார்கள். விச்சாதிரர் மட்டும் பேச்சின் இனிமையில் கவனிக்கவில்லை. கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது, அவருடைய சந்தன மிதியடிகள் இரண்டும் கழன்று ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து எம் அரியணையடியில் வந்து நின்றன. அவர் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் சுறாமுத்து ஓடத்தை மண்டபத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார்.

“ஐயா, மிச்சத்தை நாளைக்கு ஆராயலாம். இப்ப ஏறுங்க. இதுக்கு மேல பேசணும்னா நீந்திக்கிட்டுத்தான் பேசணும்.”

அவை சிரித்தது. யாமும் சிரித்தோம், அதற்காக மன்னிக்க வேண்டுகிறோம். விச்சாதிரரும் சிரித்துக்கொண்டே ஏறினார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சிறு மீனை எடுத்து நீரில் விட்டார். தோற்றவர் யாரும் அப்படிச் சிரிக்க முடியாது.

மறுநாள் பேரவைக்கு ஓய்வு. விச்சாதிரர் தம் மகளைப் பார்க்கப் போனார். அவருடைய ஒரே மகள் பைந்தொடியை எம் துறைமுகக் காவலர் நாகனுக்குக் கொடுத்திருப்பது தாங்கள் அறிந்ததே. அவள் இப்போது நிறைமாதத்தை நெருங்கியிருக்கிறாள். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில்தான் பெறவேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கமாதலால், தூதுப்பணி முடிந்ததும் கையோடு அழைத்துப் போவதென்று வெறுமையான இரண்டாம் பல்லக்கு ஒன்றையும் அவர் மலையிலிருந்து கொண்டுவந்திருந்தார்.

வாசலில் ஓடம் கட்டியிருந்தது. கோழிகள் உத்தரத்தில் உட்கார்ந்திருந்தன. மகள் மேலே நின்று கை நீட்டினாள்.

“பாத்து ஏறுங்கப்பா. அங்க ஒரு படி இருக்கு, கண்ணுக்குத் தெரியாது.”

தட்டுத்தடுமாறி ஏறினார். அடுப்பு மாடியில் எரிந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, சமையல்கட்டை மேல வச்சிருக்கீங்க?”

“கீழ மீன் இருக்குப்பா.”

விச்சாதிரர் தம் மகளை மூன்று ஆண்டுகளாகப் பார்க்கவில்லை. மெலிந்திருந்தாள். கூந்தலை உப்புக்காற்று செம்பட்டையாக்கியிருந்தது. ஆனால் வீடு நீரில் நிற்பதைப் பற்றி அவள் ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. மூன்று முறை வீடு மாற்றிய கதையை ஒரு வேடிக்கைபோலச் சொன்னாள். கட்டில் மிதந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக் கொடுத்ததைச் சொல்லும்போது மருமகன் நாகனும் சேர்ந்து சிரித்தார். தந்தையால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவர் தம் வேலையைத் தொடங்கினார்.

“கிளம்பும்மா. பல்லக்கு கொண்டாந்திருக்கேன். உங்கம்மா எல்லாம் தயாரா வச்சிருக்கா.”

பைந்தொடி அகப்பையைக் கீழே வைத்தாள்.

“அம்மா இப்ப தண்ணிக்கு எங்க போறாங்கப்பா?”

“தண்ணிக்கு எதுக்குப் போகணும்? வீட்டுக்குப் பின்னால சுனை இருக்கே.”

“அந்தச் சுனை வத்தி ரெண்டு கோடை ஆச்சு. உப்பு விக்கிறவங்க ஒவ்வொரு தடவையும் வந்து சொல்றாங்க. வேலைக்காரப் பொண்ணுங்க முடியலைன்னு நின்னுட்டாங்க. அம்மாதான் அடுத்த மலை ஏறி இறங்கித் தூக்கிட்டு வர்றாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

விச்சாதிரருக்குத் தெரியாது. ஒவ்வொரு விடியலிலும் இரண்டு செப்புத் தவலை நிறைய வெந்நீர் அவர் குளிப்பதற்கு வைக்கப்பட்டிருக்கும். அவர் குளித்துவிட்டு அரண்மனைக்கு வருவார். தவலை எப்படி நிறைகிறது என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை.

“யாரும் என்கிட்ட சொல்லலையேம்மா.”

“நீங்க குளிக்கிற தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களாப்பா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “சரி, அதை விடுங்க. இப்ப நான் எங்க போய்ப் பிள்ளை பெத்துக்கிறது? இங்க இருந்தா கிணத்துல உப்புத்தண்ணி. அங்க வந்தா தண்ணியே இல்லை. நீங்கதான் ஏழு நாட்டுக்கும் யோசனை சொல்றவராச்சே, நீங்களே சொல்லுங்க.”

விச்சாதிரர் வாயைத் திறந்தார். அவர் எம்மிடம் சத்தியம் செய்து சொன்னார், வேறு எதையோ சொல்லத்தான் திறந்தாராம். ஆனால் இத்தனை காலப் பழக்கம் முந்திக்கொண்டது.

“ஆராய்வோம்மா.”

பைந்தொடி அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உத்தரத்துக் கோழிகள் மிரண்டு இறக்கையடித்தன. சிரிப்பு எங்கே நின்று அழுகை எங்கே தொடங்கியது என்று நாகனுக்கும் தெரியவில்லை, தந்தைக்கும் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“என்கிட்டயுமாப்பா?”

அன்று விச்சாதிரர் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. மருமகன் நாகன் கவலையோடு எம்மிடம் வந்து, மாமாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது, மருத்துவரை அனுப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அனுப்பினோம். மருத்துவர் நாடி பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்று திரும்பி வந்தார்.

மறுநாள் பேரவையின் இறுதி நாள். ஆறு நாட்டு முத்திரைகளும் விழுந்தாயிற்று. ஏழாவது இடம் வெறுமையாக இருந்தது. விச்சாதிரர் எழுந்தபோது அவர் என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முளரியம்மை தம் சுருக்குப்பையைக் கட்டி ஊருக்குப் புறப்படத் தயாராகிவிட்டார்.

விச்சாதிரர் தொண்டையைச் செருமினார். முகிற்குன்ற நாடு இந்த உடன்பாட்டை என்று தொடங்கினார். நின்றார். மறுபடியும் தொடங்கினார், மறுபடியும் நின்றார். அந்த ஒரு சொல் வரவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் கூப்பிடாமலே வந்து நின்ற சொல், அன்று கூப்பிட்டும் வரவில்லை. வியர்த்தது. குடிக்க நீர் கேட்டார். சங்கில் முகந்து கொடுத்தார்கள். குடித்தார். சங்கைத் திருப்பித் தராமல் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?”

அவையில் யாரும் எதிர்பாராத கேள்வி. யாமே விடை சொன்னோம். அது மருதவயல் நாட்டிலிருந்து ஓடத்தில் வருவதென்றும், தூதர்கள் குடித்தபின் மிஞ்சியதை நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுப்பதென்றும், மற்றவர்கள் மழைக்குக் கலம் ஏந்திக் காத்திருப்பதென்றும் சொன்னோம். இதை யாம் இரக்கம் தேடிச் சொல்லவில்லை. கேட்டார், சொன்னோம்.

அவர் சங்கை மெல்லக் கீழே வைத்தார். உடன்பாட்டு ஓலையைத் தம் பக்கம் இழுத்தார். இடுப்பிலிருந்து தங்கள் முத்திரையை எடுத்தார். அரக்கை உருக்கச் சொன்னார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் அரக்கு பாதி ஓலையிலும் பாதி தங்கள் நாட்டுப் பட்டு அங்கவஸ்திரத்திலும் விழுந்தது. ஓங்கி அழுத்தினார்.

 முளரியம்மை எழுந்து வந்து, சூழ்ச்சி ஏதும் இருக்குமோ என்று குனிந்து பார்த்தார். தங்கள் நாட்டு முத்திரையில் மூன்று முகடுகள் இருப்பது வழக்கம். அதில் மூன்று பள்ளங்கள் இருந்தன.

“இது மலையா, குழியா?”

“மலைதாம்மா. கை நடுங்கி தலைகீழா விழுந்துட்டுது.”

“உங்க ராசாவுக்குச் சம்மதமா?”

இந்தக் கேள்விக்கு அவர் ஆராய்வோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்று கழுத்தைத் தடவ வேண்டியிருந்திராது. ஆனால் விச்சாதிரர் தம் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு கேள்விக்கு நேரடியாக விடை சொன்னார், அந்த விடை பொய்யாக இருந்தது.

“எங்க மன்னரோட ஆணை. ரகசியமா சொல்லித்தான் அனுப்பினாரு. எல்லாரும் எப்படி நடந்துக்கிறாங்கன்னு பாத்துட்டு, கடைசி நாள்ல போடுன்னாரு.”

அதற்குப் பிறகு எழுந்த முழக்கத்தைத் தங்கள் மலை வரை காற்று கொண்டுவந்திருந்தால் தாங்கள் படையைப் பற்றி எழுதியிருக்க மாட்டீர்கள். சங்கு ஊதினார்கள். ஒருவரையொருவர் நீரில் தள்ளி விளையாடினார்கள். முளரியம்மை அழுதார். அவர் கண்ணில் நீரைக் கண்டதாக அவர் நாட்டு வீரர்கள் ஒருவருக்கொருவர் அதிசயமாகச் சொல்லிக்கொண்டார்கள். எல்லோரும் தங்கள் பெயரைச் சொல்லி வாழ்த்தினார்கள். விச்சாதிரர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் கலைந்ததும் எம்மிடம் வந்து காலில் விழுந்தார்.

“தாயே, பொய் சொல்லிட்டேன். என் தலை போச்சு. தூரதேசம் போற கப்பல் ஏதாச்சும் இருக்கா?”

கப்பல் இல்லை என்று சொல்லி அவரை மகள் வீட்டுக்கே அனுப்பிவைத்தோம். மகள் விடுத்த செய்தி கேட்டு அவர் மனைவியாரும் மலையிறங்கி வந்து சேர்ந்துவிட்டார். அவர் தம் கணவரைக் கட்டிக்கொண்டு அழுவார் என்று எண்ணி யாம் சற்று விலகி நின்றோம். அவர் ஓடத்திலிருந்தபடியே நிமிர்ந்து பார்த்து, “இப்பவாச்சும் ஒரு முடிவுக்கு வந்தீங்களே” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், அவர் நல்ல நீரில் குளித்தாரா என்று மகளிடம் கேட்டார்.

மன்னவா, இனி எம் வேண்டுதல்.

விச்சாதிரர் குற்றம் செய்தார். தங்கள் ஆணையை மீறினார், தங்கள் பெயரால் பொய்யும் சொன்னார். முகிற்குன்றத்துச் சட்டப்படி அதற்குத் தண்டனை என்ன என்பதை அவரே எமக்கு விரிவாக, கைச்சாடையோடு விளக்கினார். தாங்கள் நினைத்தால் முத்திரை செல்லாது என்று ஓர் ஓலை விடுக்கலாம். உடன்பாடு அன்றே விழும். ஆறு நாடுகளும் அணைத்த உலைகளை மீண்டும் மூட்டும், முன்னைவிடப் பெரிதாக மூட்டும், ஏனெனில் நம்பி ஏமாந்தவர் கோபம் பெரிது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தங்கள் நாட்டுப் புகைக்கு எல்லைக்கல் தெரியாது. அது எம் கடலையும் ஏற்றியது, தங்கள் தூதர் வீட்டுச் சுனையையும் வற்றச் செய்தது. அரண்மனைத் தோட்டத்து மாமரம் வெயிலால் காய்க்கிறது என்று தாங்கள் மகிழ்வது மெய்யே. அதற்குக் கடந்த கோடையில் எத்தனை குடம் நீர், எந்த மலையிலிருந்து, யார் தலையில் வந்தது என்று தோட்டக்காரரை ஒருமுறை கேட்டருள்க. பதில் பிடிக்காவிட்டால் எம்மை நொந்துகொள்க. உலை குறைந்தால் தங்கள் கொல்லர் கை ஓய்ந்துபோகுமே என்ற அச்சமும் நியாயமானதே. அதற்காக ஆறு நாடுகளும் தம்மிடம் உடைந்து கிடக்கும் கொழுவையும் வாளையும் நங்கூரத்தையும் திருப்பி அனுப்ப இசைந்துள்ளன. பழைய இரும்பை உருக்க, கல்லிலிருந்து எடுப்பதைவிடக் குறைந்த கரி போதும் என்று தங்கள் நாட்டுக் கொல்லர்களே சொல்கிறார்கள். எந்த உலையை அணைப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது தங்கள் விருப்பம். கைகோத்து நிற்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள். தனியாக நின்றால் மலைகூட ஒரு நாள் தீவாகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். உண்மை தெரிந்தவர்கள் யாமும், விச்சாதிரர் குடும்பமும், இதை எழுதிக்கொண்டிருக்கும் ஓலைநாயகமும் மட்டுமே. மற்ற உலகம் முழுவதும் இது தங்கள் செயல் என்றே நம்புகிறது. ஏழு நாட்டுப் பேரவை தங்களுக்கு ‘முகில் காத்த முதல்வர்’ என்ற பட்டத்தை வழங்கிவிட்டது. மருதவயலில் அந்தத் திங்களில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கெல்லாம் நெடுவெற்பன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓரிரு பெண் குழந்தைகளும் தப்பவில்லை. புலவர்கள் தங்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடத் தொடங்கிவிட்டார்கள், அதில் தங்களுக்கு இப்போதுதான் பல் முளைக்கும் பருவம் வந்திருக்கிறது. வெண்மணல் நாட்டார் தங்களுக்குச் சிலை எடுக்கிறார்கள். தங்களைப் பார்த்தறியாத சிற்பியாதலால் சற்று அழகாகவே வருகிறது. இவ்வளவையும் நிறுத்தச் சொல்லித் தாங்கள் ஓலை விடுத்தால் அதை எல்லோருக்கும் அறிவிக்க யாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் புலவர்களிடம் போய்ச் சொல்லும் துணிவுள்ளவர் எம் நாட்டில் ஒருவரும் இல்லை என்பதையும் பணிவோடு தெரிவிக்கிறோம்.

தங்கள் தூதரின் உயிருக்கும், பிறக்கப்போகும் அவர் பேரக்குழந்தையின் ஒரு குடம் நன்னீருக்கும் தாங்களே பொறுப்பு. இரண்டையும் காப்பது தங்கள் ஒரு சொல். இவ்வோலையைக் கொணரும் சுறாமுத்து மலையேறிப் பழகாதவர், குளிர் தாங்கமாட்டார். அவருக்கு ஒரு கம்பளி தருமாறு தங்கள் வாயிற்காவலருக்குச் சொல்லியருள்க. கையோடு மறுமொழி தந்தனுப்புக. அதுவரை தங்கள் முத்திரை பொன்பேழையில் உலர்ந்த இடத்தில் இருக்கும். எம் நாட்டில் உலர்ந்த இடங்களில் அது ஒன்று.

உப்பும் நீரும் சான்றாக, வலம்புரி முத்திரை இட்டு விடுத்தோம். அரசி வலம்புரிக்கோதை ஆணை. சொற்படி எழுதினேன், சுளித்த முகத்தோடு, ஓலைநாயகம்.

இவ்வோலைக்கு முகிற்குன்றத்திலிருந்து வந்த மறுமொழியைப் படியெடுத்து இதனோடு கட்டிவைக்குமாறு அரசியார் பணித்ததால் கீழே பொறிக்கிறேன். சுறாமுத்து அதை இரண்டு கம்பளிகளோடு கொண்டுவந்தார். வழியில் உலைக்களங்களைக் கடந்ததாகவும், பாதிக் களங்களில் கொல்லர்கள் வெறுங்கையோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். பைந்தொடிக்கு வலி கண்ட மாலையில் ஓலை வந்ததால், மகளின் அறை வாசலில் நின்றிருந்த விச்சாதிரருக்கு அதைச் சத்தமாகப் படித்தேன். உள்ளே குழந்தை வீறிட்டது. அவர் இரண்டு காதில் எதை எதற்குக் கொடுப்பதென்று தெரியாமல் திகைத்தார். மறுமொழி இது:

‘முகில் காத்த முதல்வர் நெடுவெற்பர் அருளியது. தோட்டக்காரனைக் கேட்டோம். பதில் பிடிக்கவில்லை. உலைகளில் பாதி குளிர்க. முத்திரை விழுந்தபடியே கிடக்க. தூதனின் தலை தூதனிடமே இருக்க. விச்சாதிரா, நீ அவையில் இல்லாததால் யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தை முகம் பார்த்ததும் விரைந்து வருக. இவை யாவும் நாம் முன்பே இரகசியமாக இட்ட ஆணை. இட்டது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.’